இருட்டினப்புறம் தெரியற மரங்கள்

என் வீட்டுப் பின்பக்க ரூம்ல ஒரு பெயிண்டர் குடியிருக்கான். அவனைப் பத்திச் சொல்லணும்னா, முதல்ல அவன் என் வாசலை என்ன பாடு படுத்தினான்னு சொல்லணும். நான் வீட்டுக்காரி. முன்கோபக்காரின்னு தெருவுக்கே தெரியும், நானே ஒத்துக்கறேன். வாசலைப் பளிச்சுன்னு பெருக்கி வெச்சிருக்கிறவ, காலையில கதவைத் திறந்தா அங்க சைக்கிள் ரிம்மு, காலி பெயிண்ட் டப்பா, ஒரு கட்டு பிளாஸ்டிக் பைப்பு எல்லாம் கிடந்தா கோபம் வராதா?

"ஏம்ப்பா, இது வாசலா, காயலான் கடையா?"

"மரம் பண்றேங்க்கா"ன்னான். அவ்வளவுதான். பேச்சுக்கு யாரோ வரி போட்ட மாதிரி, அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது அவன் வாயிலேருந்து.

கொஞ்சம் கொஞ்சமாத்தான் விஷயத்தைக் கறந்தேன். அவனுக்கு ஒரே பொண்ணு. உருண்டையா இருப்பா, பட்டாணின்னு கூப்பிடுவான். குடும்பம் ஒண்ணா இருந்த காலத்துல, அவங்க தெருவுல ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்துல டிசம்பர் வந்தா கிறிஸ்துமஸ் மரம் வெப்பாங்களாம். மேலேருந்து கீழ வரைக்கும் லைட்டு. பட்டாணி தினம் போய் அந்த கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளாம். வாட்ச்மேன் விரட்டுவானாம். "அப்பா, நம்ம வாசல்லயும் ஒண்ணு வைப்பா"ன்னு கேட்டிருக்கா. "அடுத்த வருஷம்டா"ன்னு இவன் சொல்லியிருக்கான். அடுத்த வருஷம் வர்றதுக்குள்ள பொண்டாட்டி பொண்ணைக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போயிட்டா. தப்பு யார் மேலன்னு நான் சொல்லப்போறதில்ல, ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை. ஞாயித்துக்கிழமை காலையில பட்டாணியைக் கொண்டுவந்து விடுவா, சாயங்காலம் நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவா. கோர்ட்டுல அப்படித்தான் பேசி முடிச்சிருக்காங்க.

இந்த மனுஷன் வாக்கைக் காப்பாத்தறேன்னு உக்காந்துட்டான். டப்பா நிறைய மணலைக் கொட்டி நடுவுல பைப்பை நட்டான். டப்பாவைச் சுத்தித் தரையில ஒரு ரிம்மை வெச்சான். பைப் உச்சியிலேருந்து ரிம் வரைக்கும் சீரியல் லைட்டை வரி வரியா இழுத்துக் கட்டினான். கட்டறதுக்குக் கம்பி கூடாதாம், ஒயரை அறுத்துடுமாம். பழைய சைக்கிள் ட்யூபை வளையம் வளையமா வெட்டி வெச்சுக்கிட்டான். எல்லாம் வேண்டாம்னு தூக்கிப் போட்ட சாமான். லைட்டுதான் காசு குடுத்து வாங்கினது. பகல்ல பார்த்தா காக்கா கூடு கட்டப் பொறுக்கி வெச்ச மாதிரிதான் இருக்கும். ஆனா இருட்டினப்புறம் ஸ்விட்சைப் போட்டான் பாருங்க, சும்மா சொல்லக்கூடாது, நானே அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னேன்.

ஆனா பட்டாணி வந்தது பகல்ல. மரத்தைச் சுத்திச் சுத்தி வந்தா. "இதுவாப்பா மரம்?"னு கேட்டா. இவன் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டான். உச்சி வெயில். அந்தக் குழந்தை ரெண்டு கையையும் ஒரு பல்பு மேல குவிச்சு, ஒத்தைக் கண்ணால உள்ள பார்த்து, "எரியுதுப்பா, நிஜமாவே எரியுது"ன்னு அவனைச் சமாதானப்படுத்தினா. நாலு மணிக்கு ஆட்டோ வந்துடுச்சு. இருட்டினப்புறம் அவன் படியில தனியா உக்காந்து மரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தான். எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சு.

"ரூமுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்திட்டுக் காட்ட வேண்டியதுதானே?"ன்னு கேட்டேன்.

"வாசல்லதானேக்கா கேட்டா"ன்னான்.

இப்படிப்பட்டவன்கிட்ட என்னத்தைச் சொல்றது!

அந்த வருஷம் மரத்தைப் பிரிச்சு லைட்டை எல்லாம் ஒரு சாக்குல திணிச்சு வெச்சான். மறு டிசம்பர்ல சாக்கை அவுத்தா, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு ஒரே சிக்கல். பட்டாணி வந்த ஞாயித்துக்கிழமை பூரா முடிச்சை அவுக்கறதுலயே போச்சு. அவ சலிச்சுப்போய் என் வீட்டு டிவி முன்னாடி வந்து உக்காந்துட்டா. வாரத்துல கிடைக்கிற ஒரு பகலை ஒயரு தின்னுடுச்சேன்னு இவன் நொந்துபோனான். அதுக்கப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடிச்சான். பைப்பை மட்டும் உருவிட்டா லைட்டெல்லாம் தானே கீழ படுத்துடும். ரிம்மைச் சுத்தி ஒரு வரி, மேல ஒரு பேப்பர், மறுபடி ஒரு வரி, ஒரு பேப்பர், கடைசியில ட்யூப் ரப்பரைப் போட்டு இறுக்கிடுவான். பெரிய தட்டு மாதிரி ஆயிடும், அப்படியே செவுத்துல ஆணி அடிச்சு மாட்டிடலாம்.

என் செவுத்துல ஆணி அடிச்சதுக்கு நான் ஆடின ஆட்டம் வேற கதை. வருஷத்துக்கு ஒரு மரம் கூடிக்கிட்டே போச்சு. ஒரு மரம் பகல்ல எடுபடல, நாலஞ்சு சேர்ந்தாலாவது தெரியும்னு நினைச்சானோ என்னவோ. காலண்டர் மாட்டக்கூட இடமில்லாம ரூம் பூரா ரிம்மு, நடுவுல ஒத்தைப் பாயி. மழைக்காலத்துல ஒவ்வொண்ணா இறக்கி, பிளக்குல சொருகிப் பார்ப்பான், ஈரம் ஏறியிருக்கா, எலி கடிச்சிருக்கான்னு. ஒரு நாள் ஜன்னல் வழியாப் பார்த்தேன். எரியற லைட்டை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கான். சாப்பிட்டியாப்பான்னு கேக்கலாம்னு போனவ, கேக்காமத் திரும்பிட்டேன்.

போன வருஷம் என்னால பொறுக்க முடியல. நாலு மணிக்கு ஆட்டோவுல வந்து இறங்கின பட்டாணியோட அம்மாவை வாசல்லயே மறிச்சேன்.

"ஏம்மா, ஒரே ஒரு நாள் எட்டு மணி வரைக்கும் பிள்ளையை விட்டா என்ன குடி முழுகிப் போயிடும்? அப்பன் வருஷா வருஷம் விளக்கு மரம் பண்றான், பிள்ளை வருஷா வருஷம் வெயில்ல பல்பைப் பார்த்துட்டுப் போகுது. கேக்கவே நல்லாவா இருக்கு?"

அவ மூஞ்சி சுண்டிப்போச்சு. என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தா.

"அடுத்த ஞாயிறு. ஒரு நாள்தான்"ன்னா.

அந்த வாரம் பெயிண்டருக்குக் கால் தரையில பாவல. எல்லா மரத்தையும் வாசல்ல நிறுத்தினான். எரியாத வரியை மாத்தினான். என்கிட்ட வந்து, அவனா வந்து, "அக்கா, நீங்களும் நாற்காலி போட்டு உக்காருங்க"ன்னான். சனிக்கிழமையே எனக்கும் இருப்புக் கொள்ளல.

பட்டாணி வந்தா. முந்தின ராத்திரி சந்தோஷத்துல பொட்டுத் தூக்கம் இல்லையாம். வந்ததுலேருந்து ஓட்டம். டப்பாவுல மணல் அள்ளிப் போட்டா, ரப்பர் எடுத்துக் குடுத்தா, என் பூனையைத் துரத்தினா. "எப்பப்பா இருட்டும்? இப்ப இருட்டுமா?"ன்னு நச்சரிச்சா. சாயங்காலம் சாப்பிட்டுட்டு, "சும்மா படுத்துக்கறேன், இருட்டினதும் கூப்பிடு"ன்னு அப்பன் பாயில சாய்ஞ்சா. சாய்ஞ்சவ அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டா.

இருட்டிச்சு. அவன் ஸ்விட்சைப் போட்டுட்டு, அவளைக் கூப்பிட ரூமுக்குப் போனான். வாசல் பூரா பச்சையும் சிவப்புமா ஜொலிக்குது. நான் நாற்காலியில காத்துக்கிட்டிருக்கேன். போனவன் வரல. எழுந்து போய்ப் பார்த்தா, பாய் பக்கத்துல குத்துக்கால் வெச்சு உக்காந்து அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருக்கான். வாசல்லேருந்து பக்கத்துச் சந்து வழியா வந்த வெளிச்சம் அணைஞ்சு அணைஞ்சு அவ கண்ணு மேல விழுது. தூக்கத்துல சிணுங்கித் திரும்பிப் படுத்தா.

"எழுப்புப்பா! எட்டு மணிக்கு ஆட்டோ வந்துடும்!"ன்னேன்.

வாயில விரலை வெச்சான். மெதுவா எழுந்து வாசலுக்குப் போனான். பிளக்கைப் பிடுங்கிட்டான். மொத்த மரமும் அணைஞ்சுபோச்சு.

"அடப் பைத்தியக்காரா, என்னடா பண்றே? இதுக்காகத்தானே வருஷம் பூரா..."

"தூங்கட்டும்க்கா"ன்னான். "அவளைக் கூட்டிட்டுப் போனதுலேருந்து அவ தூங்கி நான் பார்க்கவே இல்லக்கா."

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு நானும் அங்கயே நின்னேன். அவன் மறுபடி பாய் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டான்.

எட்டு மணிக்கு அவ அம்மா வந்தா. இருட்டு வாசலைப் பார்த்ததும், "லைட்டுக்காகத்தானே விட்டேன், ஏன் அணைச்சு வெச்சிருக்கீங்க?"ன்னு சுள்ளுன்னு கேட்டுக்கிட்டே ரூம் வரைக்கும் வந்தா. உள்ள பார்த்ததும், அவசரப்படுத்தாம, கதவைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சான்.

பெயிண்டரே பொண்ணைத் தோள்ல தூக்கிக்கிட்டு வாசலைத் தாண்டினான். ஆட்டோவுல வெக்கும்போது பட்டாணி பாதிக் கண்ணைத் திறந்தா.

"அப்பா, லைட்டு?"

"நாளைக்குப் போடலாம்மா, தூங்கு"ன்னான்.

அவ்வளவு சாதாரணமா சொன்னான், நாளைக்குக் காலையில அவ இந்த வீட்லயே கண் முழிக்கப்போற மாதிரி. சரின்னு தலையாட்டிட்டு அவ மறுபடி தூங்கிட்டா.