பசி தெரியாத விரதம்

பினாங்கில் டாக்டரே மாத்திரையையும் கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக்கடை தேட வேண்டியதில்லை. வந்து எத்தனையோ வருடமாகியும் எனக்கு இது ஒப்பவில்லை. மருந்து வேண்டும் என்று சொல்கிறவரும் அதை விற்கிறவரும் ஒரே ஆள் என்றால் எப்படி நம்புவது? அறுபதுகளின் கடைசியில் என் மனைவி மீனாளுக்கு உடம்பு பெருத்து முழங்கால் பிடித்துக்கொண்டது. சீன டாக்டர் பசியை அடக்கும் மாத்திரை கொடுத்தார். காலையில் மட்டும், சில வாரம் மட்டும், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது என்றார். எங்கள் காரைக்குடிப் பக்கம் பசிக்கவில்லை என்றால்தான் வைத்தியம். இஞ்சியும் ஓமமும் கொடுத்துப் பசிக்க வைப்பார்கள். அதை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். நான் பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொண்டு, எனக்கொரு சத்து டானிக்கை நீட்டினார்.

மீனாள் இளைத்தாள். முழங்கால் வலியும் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் தூக்கம் போய்விட்டது. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள். டாக்டர் சொன்ன வாரங்கள் முடிந்தும் மாத்திரை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த ஐப்பசியில் கப்பலேறிச் சொந்த ஊர் கோட்டையூருக்குப் போனோம். என் அக்கா செல்லம்மாள் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் சோறு தொடாதவள். முந்தின வருடம் பாதியில் மயங்கி விரதத்தை முறித்ததில் அவளுக்குப் பெரிய அவமானம்.

“பசிக்காத மாத்திரையாமே மீனா? எனக்கும் குடு ஆத்தா.”

“உனக்குக் கொதிப்பு இருக்கு. வேணாம்க்கா” என்றேன். “பசியே இல்லாம இருந்தா அதுக்குப் பேரு விரதமா?”

“பினாங்குக்குப் போனவுக கையி சுருங்கிப் போச்சு! முருகனே கேக்கல, நீ என்னடா கேக்குற?”

எனக்குத் தெரியாமல் மீனாள் கொடுத்துவிட்டாள். அக்கா துள்ளித் திரிந்தாள். வாசலில் ஒரு கோலம் போதாமல் தெரு பாதிக்குக் கோலம் போட்டாள். “முருகன் இறங்கியிருக்காரு” என்று பக்கத்து வீட்டார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கோ மீனாள் பாத்திரம் தேய்ப்பதுதான் கண்ணில் நின்றது. நாலாம் நாள் அக்கா அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “என்ன சாப்பிட்டாக?”

“விரதமுங்க” என்றார்கள் எல்லோரும்.

மீனாள் அழுதபடி மாத்திரைப் பொட்டலத்தை அவர் மேசையில் வைத்தாள்.

“கொதிப்புக்காரவுகளுக்கு, அதுவும் வெறும் வயித்துல, இதையா குடுத்தீக? இருதயம் நின்னிருக்கும்!”

அக்கா பிழைத்தாள். கண் திறந்து அவள் முதலில் கேட்டது கஞ்சி. கஞ்சி கேட்ட அந்தக் குரலுக்கு நான் அழுததுபோல் எந்தச் சாவுக்கும் அழுததில்லை. மீனாள் மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினாள். அதன்பிறகு சுருண்டு சுருண்டு தூங்கினாள். எழுந்தால் எரிந்து விழுந்தாள். பசி மட்டும் வரவில்லை.

திரும்பும்போது, நாகப்பட்டினம் மறைந்து பினாங்கு இன்னும் தெரியாத நடுக்கடலில், என் தோளைத் தொட்டாள்.

“பசிக்குதுங்க.”

“என்ன வேணும், சொல்லு.”

“செல்லம்மா மதினி வீட்டுக் கஞ்சியும் வேணும்போல இருக்கு. பினாங்குல மொளகா அரைச்சுப் போடுற நெத்திலிச் சம்பலும் வேணும்போல இருக்கு.”

கப்பல் சமையற்கட்டில் இரண்டும் இல்லை.