நெசமான மணி

எங்க அப்பாவுக்கு மூளை கொஞ்சம் ஜாஸ்தி. இதைப் பெருமையாச் சொல்றேனா, கோவத்துல சொல்றேனான்னு எனக்கே பிடிபடலை. தேனி பஜார்ல பாத்திரக்கடை வச்சிருந்தாக. எங்க சர்ச்சு சபையில யாருக்கு என்ன சிக்கல்னாலும் அப்பாகிட்டத்தான் வந்து நிப்பாக.

எண்பதுகளோட ஆரம்பம் அது. ஒரு ஞாயித்துக்கெழமை ஆராதனை நடக்கும்போதே சர்ச்சு ஜன்னல்ல கல்லு விழுந்து கண்ணாடி ஒடைஞ்சுச்சு. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டுல நின்ன கும்பல்ல எவனோ எங்க சபைப் பொண்ணுக ரெண்டு பேரோட பையைப் பிடுங்கி, பாட்டுப் புத்தகத்தைச் சாக்கடையில எறிஞ்சுட்டான். யாரு எறிஞ்சா? ஆளுக்கொரு பேரு சொன்னாக. எதிர்க்கடை மாமாவோட மகனும் அந்தக் கும்பல்ல நின்னான்னு ஒரு பேச்சு.

மாமாவும் அப்பாவும் இருபது வருசச் சிநேகிதம். வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிட்டு வந்தா எங்க வீட்டுக்குத்தான் மொதப் பொட்டலம் பொரிகடலை வரும். அந்த வருசமும் வந்துச்சு. வாங்குறதா வேணாமான்னு அம்மா தடுமாறிக்கிட்டு நின்னாக. நான் ரெண்டு கை அள்ளித் தின்னுட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு எனக்கு ஒரு நெனப்பு. ஆனா கல்லு விழுந்தது நெசம்தானே? எதை நம்புறது?

ஆம்பளைக எங்க வீட்டுல கூடிப் பேசினாக. பொம்பளைக தனியாப் போகக்கூடாது, மூணு பேரா சேந்துதான் போகணும். ரோட்டுல பாத்தா 'தோத்திரம்' சொல்லாம 'வணக்கம்' சொல்லணும். பைபிளை மஞ்சப்பையில போட்டு மேல ஒரு கொத்துக் கருவேப்பிலை வச்சுக்கணும். அதுக்கப்புறம் எங்க வீட்டுப் பைபிளைத் தெறந்தா சங்கீதப் பக்கமெல்லாம் கருவேப்பிலை வாசம்தான், போங்க!

கடைசியா மணிப் பேச்சு வந்துச்சு. ஆபத்துன்னா சர்ச்சு மணியை வேகவேகமா அடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அப்பா ஒத்துக்கிடலை.

"வேகமா அடிச்சா வந்தவனுக்கு இன்னும் வெறி ஏறும். துக்க மணி அடிங்க. ஒவ்வொரு அடியா, விட்டு விட்டு. வெளியாளுக யாரோ செத்துட்டாகன்னு நெனைச்சுக்கிருவாக. நம்மாளுக மட்டும் கதவை அடைச்சுப்புடணும். யாரு தட்டினாலும் தெறக்கக் கூடாது."

அடேயப்பா, என்ன மூளைன்னு எல்லாரும் தலையாட்டினாக. நெசமாவே ஒருத்தர் செத்துப்போனா என்ன பண்றதுன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலை. நானும் அங்கனதான் காப்பி ஊத்திக்கிட்டு இருந்தேன். எனக்கும் தோணலை.

மூணாவது வாரம், கடை தெறக்கக் கெளம்பின அப்பா, சட்டையில ஒரு கையை மாட்டினபடியே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்தாக. டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அம்மா அலறினது கேட்டு மொதல்ல ஓடியாந்தது நாலு வீடு தள்ளிக் குடியிருந்த எதிர்க்கடை மாமாதான். அப்பா கண்ணை மூடிவிட்டதும் அவுக கைதான். சர்ச்சுக்கு ஆள் அனுப்பினதும் அவுகதான். போதகர் அன்னைக்குப் பெரியகுளம் போயிருந்தாரு. மணி அடிக்கிறவரு வழக்கப்படி அடிச்சாரு, ஒவ்வொரு அடியா, விட்டு விட்டு.

தெருவே வந்துச்சு. பூக்கடைக்காரம்மா அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழுதாக. யாரோ பந்தலுக்குக் கம்பு கொண்டாந்தாக. எங்க சபையில இருந்து மட்டும் ஒரு ஈ காக்கா வரலை. "நம்மாளுகளை எங்கடி காணோம்?"னு அம்மா வாசலையே பாத்துக் கேட்டுக்கிட்டு இருந்தாக. பாதி நெனவுல இருந்த எனக்கு ஒண்ணும் வெளங்கலை.

"நான் போய்க் கூட்டியாறேன்"னு மாமா நாலு ஆம்பளைகளைச் சேத்துக்கிட்டுப் போனாக. ஒரு மணி நேரம் கழிச்சு, மொகம் செத்துப்போய்த் திரும்பி வந்தாக.

"ஏன் தாயி, உள்ள புள்ளைக பேச்சுச் சத்தம் கேக்குது. வீடு வீடாக் கதவை இடிச்சோம், ஒருத்தரும் தெறக்க மாட்டேங்கிறாக. ஒங்கப்பா மேல ஒங்க ஆளுகளுக்கு அப்படி என்ன கோவம்?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. ஆண்டவரே! அந்த மனுசன் ஊருக்கெல்லாம் ஓடினவுக. சொந்த சபையே தொடாத பொணமா அவுக போகணுமா? யாரு மேல கோவப்படறது? கல்லெறிஞ்சவன் மேலயா, கதவை அடைச்சவுக மேலயா, வழி சொல்லிக் குடுத்துட்டுச் செத்துக் கெடக்கிற அப்பா மேலயா?

எந்திரிச்சு ஓடினேன். மாமாவும் பின்னாடியே வந்தாக. சபைக்காரக தெரு முக்குல நின்னு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கதவைத் தெறங்க! எங்கப்பா நெசமாவே செத்துட்டாக! இது நெசமான மணி!"

ஒரு ஜன்னல் தெறந்துச்சு. அப்புறம் ஒரு கதவு. ஒவ்வொருத்தரா வாயில துணியைப் பொத்திக்கிட்டு வெளிய வந்தாக. மாமாவைப் பாத்ததும் ரெண்டு பேரு திரும்ப உள்ள போயி, மறுபடி வந்தாக.

மாமா என்னையவே பாத்தாக.

"நெசமாவேன்னா என்ன தாயி? பொய்யாக்கூட சாவு மணி அடிப்பீகளா? எதுக்கு?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்பா கண்ணை மூடின கை என் முன்னாடி தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

"தெரியலை மாமா"ன்னேன்.

அவுக மகன் அன்னைக்குப் பெட்டியோட முன்பக்கத்தைத் தூக்கினான். பஸ் ஸ்டாண்டுல நின்னது அவன்தானான்னு நான் கேக்கலை. மாமாவும் எங்கிட்ட மறுபடி கேக்கலை. அடுத்த வருசம் திருவிழா முடிஞ்சு எங்க வீட்டுக்குப் பொரிகடலை வரலை.