அப்பளத்துக்கு வந்த அரசு நிதி

விருதுநகருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சிக்கு அரசு நிதி கேட்டு விண்ணப்பிப்பதும் என் வேலையில் சேர்த்தி. ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வரும். ஒவ்வோர் அறிவிப்பிலும் அந்த ஆண்டுக்கென்று ஒரு மந்திரச் சொல் இருக்கும். ஒரு வருஷம் நானோ, அடுத்த வருஷம் பசுமை, அதற்கடுத்து செயற்கை நுண்ணறிவு. சிவகாசியில் போன சீசன் வெடிக்கே புது லேபிள் ஒட்டி இந்த சீசனுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. நாங்களும் அதே மாவட்டத்துக்காரர்கள்தானே. பழைய திட்டத்துக்குப் புதுத் தலைப்பு ஒட்டி அனுப்புவதில் எங்கள் துறையில் எனக்கு நல்ல பெயர்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவி அப்படி இல்லை. அவளுக்கு ஒரே ஒரு தலைப்புதான் இருந்தது. அவள் அம்மா ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில், வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் வேலை பார்க்கிறார். ஓர் அறைக்கு நான்கு பெண்கள். காற்று வறண்டுவிட்டால் சேலை உரசினாலே சின்னப் பொறி கிளம்பும்; மருந்துக்கு அது போதும். காற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். போர்மேன் சுவரில் ஆணி அடித்து பொரிக்காத அப்பளம் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். காலையில் தொட்டுப் பார்ப்பார்கள். நமத்திருந்தால் வேலையைத் தொடங்கலாம். விறைத்திருந்தால் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, அது நமக்கும்வரை வெளியே காத்திருக்க வேண்டும்.

மாணவி அந்த அப்பளத்தின் இடத்தில் ஒரு வண்ண அட்டையை மாட்ட நினைத்தாள். வறண்டால் நீலம், ஈரமானால் ரோஜா நிறம். பேட்டரி கிடையாது, வாசிக்கவும் தெரிய வேண்டியதில்லை. அட்டையைச் சோதித்து அனுமதி வாங்க, உள்ளே ஈரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சோதனைப் பெட்டி தேவைப்பட்டது. நாங்கள் கேட்ட நிதி அதற்குத்தான்.

விண்ணப்பத்தில் ‘தற்போதைய முறை’ என்ற இடத்தில் அவள் ‘அப்பளம்’ என்று எழுதியிருந்தாள். “டெல்லியில் சிரிப்பார்கள்” என்று அந்தச் சொல்லை அடித்தேன். அடுத்த பிரதியில் மறுபடி எழுதிக் கொண்டுவந்தாள். அடித்தேன். அப்பளம் இல்லாமலே விண்ணப்பம் போனது. செயற்கை நுண்ணறிவு இல்லை என்ற காரணத்தோடு திரும்பி வந்தது. மறு வருஷ அறிவிப்பைத் திறந்தால் மந்திரச் சொல், பாரம்பரிய அறிவு. அப்பளத்தை நானே கூப்பிட்டு முதல் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

நேர்காணல் காணொலியில் நடந்தது. வண்ண அட்டையைப் பற்றி அவள் பேசியபோது நிபுணர்கள் தேநீர் குடித்தார்கள். அப்பளம் என்றதும் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “உளுந்தா, அரிசியா?” என்று கேட்டார். அதன்பின் அரைமணி நேரம் அப்பளம்தான்.

நிதி கிடைத்தது. ஆணையைப் படித்தேன். சோதனைப் பெட்டி நீக்கம். வண்ண அட்டை நீக்கம். அப்பளத்தை ஓராண்டு கவனித்து அறிக்கை தரவேண்டும். அப்பளம் வாங்க ஒப்புதல் உண்டு. மாணவி ஆணையை இரண்டு முறை படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தாள். “அம்மா ரூமுக்கு அட்டை வராதா சார்?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். இந்தச் சொல்லை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

அரசுப் பணத்தில் எது வாங்கினாலும் மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்க வேண்டும். விருதுநகர் பஜாரில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் பாயிடம் போய் நின்றேன். “ஒரு கட்டு அப்பளத்துக்கா லெட்டர்பேடுல கொட்டேஷன் கேக்கீக? ஒங்களுக்கு வேணும்னா சும்மாவே எடுத்துட்டுப் போங்க சார்” என்றார். சும்மா வாங்கக் கூடாது என்பதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் கடையில் ஒரு லோடு மிளகாய் இறங்கிவிட்டது.

வாங்கிய பிறகுதான் அடுத்த சிக்கல். வாங்கிய பொருளில் இருப்பு எண் இருக்க வேண்டும், திட்டம் முடியும்போது ஆய்வுக்கு வருபவரிடம் முழுசாகக் காட்ட வேண்டும் என்றது அலுவலகம். அப்பளம் ஒரு வருஷம் முழுசாக இருக்குமா? அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் பக்கத்துக்காரன் கையில் முக்கியமான தாள் ஏதாவது கிடைத்தால் முதலில் லேமினேஷன் மெஷினைத் தேடுவான். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், ஜாதகம், எதையும் விடமாட்டான். என் மச்சானுக்குச் சிவகாசியில் லேபிள் அச்சகம். ஒரு மழை நாளில், நன்றாக நமத்திருந்த அப்பளத்தை, சூடு காட்டாமல் ஒட்டும் மெஷினில் கொடுத்தோம். நொறுங்காமல் வழவழவென்று வந்தது. மச்சான் சும்மா இருக்காமல் சுற்றிலும் தங்கநிறக் கரை ஒன்றும் போட்டு, மூலையில் இருப்பு எண்ணை ஒட்டினான்.

அதை நானே கொண்டுபோய் மருந்து அறையில் மாட்டினேன். போர்மேன் பழைய அப்பளத்தைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நான் பெருமையோடு வீடு திரும்பினேன். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான் என்பதை இங்கே சொல்லிக்கொள்ள வேண்டும்.

மாசி பிறந்து காற்று காயத் தொடங்கியது. ஒரு நாள் காலை மாணவி மூச்சிரைக்க வந்தாள். “சார், நேத்து அம்மா பேச்சோட பேச்சா சொன்னாங்க. நீங்க மாட்டுன அப்பளம் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி இருக்காம். பஸ்ல வரும்போதுதான் எனக்கு ஒறைச்சுது.”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் அப்பளத்துக்கு வெளிக்காற்று எப்படித் தெரியும்? அது மழை நாளின் ஈரத்தோடு உள்ளேயே கிடக்கிறது. எவ்வளவு வறண்டாலும் வேலையைத் தொடங்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கம்பெனி வாசலிலேயே செல்போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை விரட்டினேன். வழியெல்லாம் பயம். தூரத்தில் எங்கோ ஒரு லாரி டயர் வெடித்த சத்தத்துக்குக் கையிலிருந்து வண்டி நழுவப் பார்த்தது.

வாசலில் நின்று போர்மேனிடம் சொல்லியனுப்பினோம். அவள் அம்மா கையைத் துடைத்தபடி வந்தார். “என்ன சார், இம்புட்டு வேர்த்து வந்திருக்கீக? மொதல்ல தண்ணி குடிங்க.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “மொத நாளே தொட்டுப் பாத்தோமே சார். கண்ணாடிக் காயிதத்துக்குள்ள இருக்குறது எங்கன விறைக்கும்? அதுக்குப் பின்னாடியே வீட்டுலருந்து ஒரு அப்பளம் கொண்டாந்து மாட்டிட்டேன். போர்மேனும் அதைத்தான் தொட்டுப் பாக்காரு. ஒங்களுது ஆபீசருக வந்தா காட்டுறதுக்குன்னு வச்சிருக்கோம். இன்னைக்குக்கூட எங்க அப்பளம் விறைச்சுக் கெடந்துச்சு, தண்ணி தெளிச்சிட்டு வெளிய உக்காந்திருக்கோம்.”

மகள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார், “இவ செய்யப்போறேன்னு சொன்னாளே, கலரு அட்டை. அது எப்ப சார் வரும்?” அவரிடம் அடுத்த வருஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டு முடிந்தது. இறுதி அறிக்கையை மாணவி எழுதிக்கொண்டு வந்தாள். ‘இத்திட்டத்தால் சமூகத்துக்கு விளைந்த பயன்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாங்கள் வழக்கமாக ஒரு பக்கம் எழுதுவோம். அவள் இரண்டே வரி எழுதியிருந்தாள்: ‘அந்த அறையில் நான்கு பெண்களும் உயிரோடு இருக்கிறார்கள். இத்திட்டத்தால் அல்ல.’

பேனாவைத் திறந்தேன். அதை அடிக்காமல், கீழே கையெழுத்துப் போட்டேன்.