தலைக்கு மேல் வந்த பந்து

போன ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் ஆட்டத்தில் எங்கள் தலைக்கு மேலே ஒரு பந்து வந்தது. தென்காசி ஜோடி தூக்கி அடித்த பந்து. அவசரமே இல்லாமல் ஆடி அசைந்து இறங்கியது. கையைத் தூக்கி ஒரு போடு போட்டால் மேட்ச் எங்களுக்கு.

நான் என்ன செய்தேன்? "பாய், ஒமக்கு!" என்று கத்தினேன்.

அதே நொடியில் என் பார்ட்னர் சாகுல் பாயும் கத்தினார். "வே, ஒமக்குத்தான்!"

பந்து இருவருக்கும் நடுவே விழுந்து, வேலியோரம் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லை. தோற்றோம்.

சாகுல் பாய் கடையநல்லூர்க்காரர். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வாரம் மூன்று நாள் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு வந்துவிடுவார். பத்து வருஷமாக நாங்கள்தான் ஜோடி.

எனக்கு மூன்று மாதமாக வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே ஏற மறுத்தது. சட்டை மாட்டவே ஒரு நடனம் ஆட வேண்டும். வெளியே சொல்ல முடியுமா? பேங்கில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர் ஒருவர், ஜோடி கிடைக்காமல் பெஞ்சில் காத்துக் கிடக்கிறார். சொன்னால் பாய் அவரைச் சேர்த்துக்கொள்வார். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கென்று மிச்சமிருப்பது அந்த மூன்று காலைகள்தான். அதுவும் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அதனால் சர்வீஸை இடுப்பளவில் தட்டிவிட்டு, "புது டெக்னிக் பாய்" என்று அளந்தேன். அடுத்த வாரமே அவரும் அப்படியே தட்ட ஆரம்பித்தார். என்மேல் இவ்வளவு மதிப்பா என்று நெகிழ்ந்துபோனேன்!

யாருக்கும் தெரியாமல் ராஜபாளையம் போய், பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருவரைப் பார்த்தேன். ஆடுவதற்கு முன் கைகளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்கச் சொன்னார். ஆடி முடித்ததும் மூன்று ஸ்ட்ரெட்ச். வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, இடது கையால் அணைத்துப் பிடித்து முப்பது எண்ண வேண்டும். முதுகுக்குப் பின்னால் துண்டை மேலும் கீழுமாகப் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். வாசல் நிலையில் இரு கைகளையும் ஊன்றி முன்னால் சாய வேண்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

ஐந்து நிமிடம்! எங்கள் கோர்ட்டில் அதற்கு ஏது நேரம்? டீ குடிக்க இருபது நிமிடம்... அரசாங்கத்தைக் கலைத்துப் புது மந்திரிசபை அமைக்க அரைமணி... போதாததற்கு, யாராவது ஓரமாக நின்று கையை நீட்டி மடக்கினால், "என்ன அண்ணாச்சி, ரிட்டையர்மென்டா?" என்று பெஞ்சே சிரிக்கும். வெளிநாட்டு ராக்கெட் வாங்குவோம், நெற்றியில் பட்டை கட்டுவோம். தோளைக் கவனிப்பது மட்டும் மானக்கேடு.

வீட்டில் முயன்றேன். துண்டும் நானுமாக நின்ற கோலத்தைப் பார்த்த மனைவி, "முதுகு தேய்க்கதுக்கு பாத்ரூம் இல்லையா?" என்றாள். அன்றோடு அதுவும் நின்றது.

அடுத்த முறை பிசியோ கேட்டார். "டெய்லி செய்யுதீங்களா சார்?"

"ஒரு நாள் விட்டதில்லைம்மா."

"செஞ்சு காட்டுங்க."

காட்டினேன். வெகு சிரத்தையாக முப்பது வரை எண்ணினேன்.

"சார்... வலி வலது தோள்லல்லா? நீங்க இடதை இழுக்கீங்க."

இந்த லட்சணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை பந்து வந்தது. தோற்ற பிறகு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஏன் பாய் அடிக்கல?"

"நீரு ஏன்வே அடிக்கல?"

பாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "கோவிச்சுக்கிடாதேயும். ரெண்டு மாசமா கை மேல வரமாட்டேங்கு. சொன்னா நீரு அந்த பேங்க்காரரைச் சேத்துக்கிடுவீரோன்னு பயந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. என் கதையையும் கொட்டினேன். "அட அல்லாவே... அப்ப அந்தப் புது டெக்னிக்?" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை ஆடி முடித்ததும், எல்லார் கண்முன்னாலும் வேலியோரம் நின்று துண்டை இழுத்தோம். கோர்ட் கேட்டில் கையை ஊன்றிச் சாய்ந்தோம். பெஞ்ச் கைகொட்டிச் சிரித்தது.

வியாழக்கிழமை, அதிகமாகச் சிரித்த கான்ட்ராக்டர் ஒருவர் மெல்லப் பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, அந்தத் துண்டு எக்சர்சைஸை இன்னொருக்கா காட்டுங்க. எனக்கில்ல... என் மச்சானுக்கு."

சனிக்கிழமைக்குள் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். பாவம், சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு மச்சானுக்கும் தோள் சரியில்லை!