கேட்காமல் பிடுங்கிய செடி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதுதான் அவள் வேலை. எதையும் கிட்டே வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். அதனால் அண்ணன் வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பூதக்கண்ணாடி’. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு கட்டில், அலமாரியில் ஒரு தட்டு, பால்கனியில் ஒரு மூலை. அந்த மூலையும் கெஞ்சி வாங்கியதுதான்.

கடையின் பின்படி ஓரம், சிமெண்டு விரிசலில் ஒரு செடி படர்ந்து கிடந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வெள்ளைப் பூ. ஒருநாள் உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள். பத்து என்று நினைத்த இதழ்கள் ஐந்துதான். ஒவ்வொன்றும் அடிவரை இரண்டாகப் பிளந்திருந்தது. தண்டில் ஒரே ஒரு வரிசை மென்முடி, அதுவும் கணுவுக்குக் கணு பக்கம் மாறி ஓடியது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நூலகத்துப் புத்தகத்தில் ஒப்பிட்டுப் பெயரையும் கண்டுபிடித்தாள். வாயில் நுழையாத பெயர். ‘பொடிசு’ என்று அவளே வைத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டில் வளர்க்கலாம் என்று அவசரத்தில் முதலில் எடுத்து வந்தது பக்கத்திலிருந்த வேறொன்றை. கிள்ளியதும் பால் வடிந்தது; பொடிசில் பால் கிடையாது. “பூதக்கண்ணாடிக்கே கண்ணு தெரியலியா?” என்று அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாள் சரியானதை மண்ணோடு பெயர்த்து வந்து, கடையில் கழித்துப்போட்ட லென்ஸ் தட்டுகளில் நட்டாள். வெயில் பட்டால் துவண்டுவிடும் என்று பழைய துணியால் நிழல் கட்டினாள். பூத்தது, விதைத்தது, தட்டுக்கு வெளியே தொங்கியது. வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குத்தான் போவாள்.

ஒரு சாயங்காலம் மூலை காலியாக இருந்தது. தட்டுகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

“அண்ணி, யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“விருந்தாளி வர்ற வீடு. களைக்குப் போய் யாரைக் கேக்கணும்? மண்ணு நல்லா இருந்துச்சு, அதை வீணாக்கல. என் ரோஜாவுக்குப் போட்டுட்டேன்.”

அண்ணி தேயிலைச் சக்கையைக்கூடக் குப்பையில் போடமாட்டார். செடிதான் குப்பைக்குப் போயிருந்தது.

“விடும்மா, ரோட்டோரம் கெடக்கறதுதானே” என்றார் அண்ணன்.

இந்த வீட்டில் அவளைக் கேட்டு நடந்தது எது? கட்டிலை நடைவழிக்கு மாற்றியது கேட்டா? அவளைக் கட்டிக்கொள்ள வந்தவருக்கு வேண்டாம் என்று பதில் சொன்னது கேட்டா? எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் காதுக்கு வரும். அதையெல்லாம் விழுங்கித் தொலைத்தாள். இதை மட்டும் விழுங்க முடியவில்லை. சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். மறுநாள் பின்படிக்கு ஓடினாள். விரிசலை முதலாளி வழுவழுவென்று பூசி அடைத்திருந்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். அன்றிலிருந்து வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில்.

மழை ஓய்ந்து குளிர் இறங்கியது. ஒரு விடுமுறைக் காலையில் பால்கனியிலிருந்து அண்ணி கத்தினார்.

“ஐயோ, என் ரோஜா! என்னங்க, இங்க வாங்க!”

ரோஜாத் தொட்டிகளில் மண்ணே தெரியவில்லை. அத்தனையும் பச்சை, நடுநடுவே வெள்ளைப் பூ. அவள் உருப்பெருக்கியோடு வந்து நிதானமாகக் குனிந்தாள். ஐந்து இதழ், பிளவு, கணுவுக்குக் கணு பக்கம் மாறும் முடி. அவசரப்பட்டு ஒருமுறை ஏமாந்தது போதும்.

“பொடிசுதான்” என்றாள்.

“எதுவா இருந்தா என்ன, பிடுங்குங்க!” என்றார் அண்ணி.

அண்ணன் கையை நீட்டினார். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன கண்டாரோ, கை பாதியில் நின்றது.

“பிடுங்கட்டுமாம்மா?”

அந்த வீட்டில் முதல்முறையாக அவளை ஒன்று கேட்டுவிட்டார்கள்.

“கூடாது” என்று சொல்லிவிட்டு, தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தன் மூலைக்கு இழுத்துப்போனாள், ரோஜாவோடு சேர்த்து.