பாலை வற்ற வைக்க வந்த பூ

சாரல் என்றால் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எரிச்சல்தான் வருகிறது. நாங்கள் இருந்தது தென்காசியில். குற்றாலம் கூப்பிடு தூரம். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று காதில் விழுந்ததும் மாமனார் வழி, மாமியார் வழி, எந்த வழி என்றே தெரியாத வழி என்று சொந்தம் முழுவதும் ரயிலேறி வந்து எங்கள் வீட்டில் இறங்கிவிடும். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலம் அது. துரைமார் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்குவார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்கு பங்களா நாங்கள்தான். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வில்வண்டியில் அருவிக்குப் போவார்கள். அருவியில் குளித்தால் பசிக்கும். அந்தப் பசியையெல்லாம் பத்திரமாக எங்கள் அடுப்படிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். தின்று, படுத்து, எழுந்த பிறகு பொழுது போக வேண்டுமே. அந்த வருஷம் அவர்களுடைய பொழுதுபோக்கு என் பிள்ளை.

தலைப்பிள்ளை. சுந்தரபாண்டியபுரத்தில் என் அம்மா வீட்டில் பிறந்தவன். மூன்றாம் மாதம் அவனைத் தூக்கிக்கொண்டு நான் தென்காசிக்கு வந்தபோது சாரலும் தொடங்கியிருந்தது. அவனுக்குக் குடித்த பால் வயிற்றில் நிற்காது. ஆசையாகக் குடிப்பான். தொட்டிலில் போட்டதும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிடுவான். பிறகு வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் அத்தனையையும் வெளியே தள்ளுவான். என் சேலை, தொட்டில் துணி, பாய் எல்லாவற்றிலும் புளித்த பால் வாடை. மழையில் துணியும் காயாது. ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டியபோது, சில பிள்ளைகளுக்கு இரைப்பையின் வாய் இறுக நாளாகும், உட்காரத் தொடங்கினால் தானே நின்றுவிடும் என்றார். மருந்து ஒன்றும் எழுதவில்லை. மருந்து எழுதாத டாக்டருக்கு எங்கள் வீட்டில் என்ன மரியாதை இருக்கும்?

ஆகவே வந்தவர்கள் எல்லோரும் டாக்டரானார்கள். ஒருத்தி வசம்பை உரசிப் புகட்டினாள். அதையும் கக்கினான். ஒருத்தி தொண்டையில் விரலை விட்டுக் கோழை எடுத்தாள். கக்காத பிள்ளைகூட அதற்குக் கக்கும். இதற்கெல்லாம் தலைமை தாங்கியது என் வீட்டுக்காரரின் அக்காள். எனக்கு மதினி. வாழ்க்கைப்பட்டது சிவகிரியில். ஆனால் சாரல் முடிகிற வரைக்கும் தென்காசியில்தான் அதிகாரம். மகள் வாயைத் திறந்தால் என் மாமியார் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டுவிடுவார். என் வீட்டுக்காரரோ அக்காள் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார்.

ஒரு நாள் அருவிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். குளிக்க என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டைகளுக்குக் காவல் இருக்க. அருவிக்கரை மண்டபத்தில் குரங்குகளை விரட்டிக்கொண்டு நின்றேன். வந்த இடத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். கொடுத்து முடித்து அவனைக் கிடத்தலாம் என்று பார்த்தால் உள்ளங்கை அளவுகூட உலர்ந்த இடம் இல்லை. கல்லெல்லாம் ஈரம், சாரல் மண்டபத்துக்குள்ளேயே அடிக்கிறது. வேறு வழியில்லாமல் தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு, முந்தானையால் மூடி, தலையைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றேன். மதினியும் மற்றவர்களும் ஆற அமரக் குளித்தார்கள். எனக்குக் கால் கடுத்தது. பிள்ளை ஒரு பெரிய ஏப்பம் விட்டான். அப்படியே தூங்கிப் போனான். அவர்கள் தலை துவட்டி வந்து சேரும் வரையில் ஒரு துளி பால் வெளியே வரவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நாளாக நாங்கள்தானே குடித்த கையோடு அவனை மல்லாக்கப் போட்டுக்கொண்டிருந்தோம்! வண்டியில் வரும்போதே ஆசையாகச் சொன்னேன்.

"மதினி, நிமித்தி வச்சா பிள்ளை கக்க மாட்டேங்கான். இவ்வளவு நேரமும் தோளுலதான் வச்சிருந்தேன்."

"ஏட்டி, கழுத்து நிக்காத பிள்ளையையா தோளுல போட்ட? கழுத்து ஒடிஞ்சா ஒங்கப்பனா வந்து நிமித்துவான்? அருவிக் காத்து பட்டுருக்கு, அதான் கக்கல்ல. பெரிய வைத்தியச்சி மாதிரிப் பேசுதா."

அருவிக்காற்றுக்குப் போன பெருமை அதோடு போகட்டும் என்று விட்டேன். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவனைத் தோளில் நிமிர்த்தி வைப்பேன். அந்த நேரங்களில் கக்குவது குறையும். ஆனால் சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் ஏது? மதினி கண்டால் பிடுங்கித் தொட்டிலில் போடுவாள். அவன் கக்குவான். "பாத்தியா" என்பாள்.

அடுத்த வாரமே அவளுக்குப் புது யோசனை வந்தது. பிள்ளையிடம் கோளாறு இல்லை, தாய்ப்பாலில்தான் கோளாறு என்றாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையை என் கையில் கொடுத்து அதில் பாலைப் பீய்ச்சச் சொன்னாள். முற்றத்தில் போன கட்டெறும்பு ஒன்றைப் பிடித்து அதற்குள் விட்டாள். எறும்பு செத்தால் பால் விஷமாம். நாலு பேர் கூடி நின்று குனிந்து பார்க்கிறார்கள், என் பாலை! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எறும்பு கொஞ்ச நேரம் கையைக் காலை ஆட்டிவிட்டுச் செத்தது. பாலில் விழுந்த எறும்பு சாகாமல் நீந்திக் கரையேறுமா?

எனக்கு வாய் நீளம் என்று பிறந்த வீட்டிலேயே பேர். விறுவிறுவென்று தொழுவத்துக்குப் போனேன். கறந்து வைத்திருந்த பசும்பாலை இன்னொரு சிரட்டையில் ஊற்றிக்கொண்டு வந்தேன். அவர்கள் கண் முன்னாலேயே ஓர் எறும்பைப் பிடித்து விட்டேன். அதுவும் செத்தது.

"பாருங்க மதினி. இந்தப் பாலுலதான காலையில இருந்து எல்லாரும் காப்பி குடிக்குதீக?"

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மதினியா விடுவாள்?

"காப்பிக்கு ஊத்துனது காய்ச்சுன பாலுல்லா! காய்ச்சுனா விஷம் முறிஞ்சுரும்."

கூடி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். என் மாரை எந்த அடுப்பில் ஏற்றி வைப்பது என்று கேட்க நினைத்தேன். மாமியார் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்க வேண்டாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அன்று மத்தியானமே முடிவாகிவிட்டது. மல்லிகைப்பூவை மாரில் வைத்து இறுக்கிக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் பால் வற்றிப்போகும். பிறகு பிள்ளைக்குப் பசும்பாலைக் காய்ச்சித் தண்ணீர் விளாவிப் பாலாடைச் சங்கில் புகட்டிக்கொள்ளலாம். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் எதிர்வீட்டில் இதே மாதிரி பால் மறக்க வைத்த ஒரு பிள்ளை, வயிற்றால் போய்ப் போய் மாதம் திரும்புவதற்குள் கண்ணை மூடிவிட்டது. அதற்கும் அவர்கள் பழியைத் தாயின் மேல்தான் போட்டார்கள். பால் ஒரு தடவை வற்றினால் வற்றியதுதான். அப்புறம் நானே கதறினாலும் திரும்பி வருமா?

மதினி தம்பியைக் கூப்பிட்டுப் பூவுக்கு அனுப்பினாள். அவரும் குடையை எடுத்துக்கொண்டு பெரிய கோவிலின் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே இருந்த பூக்கடைக்குப் போனார். சாயங்காலம் வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். நெருக்கித் தொடுத்த ஒரு பெரிய பந்து மல்லிகை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று ஒரு முழம் பூ வாங்கிவர அந்த மனிதருக்குத் தோன்றியதில்லை. நானாகக் கேட்டபோதெல்லாம், "கூடத்துல அக்கா இருக்கா, அம்மா இருக்கா, எப்படிக் கொண்டாந்து குடுக்க?" என்பார். இன்று அதே அக்காளுக்கும் அம்மாவுக்கும் முன்னால் என் பாலை வற்ற வைக்க ஒரு பந்து பூ கொண்டுவந்து நீட்டுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"கட்டுத் துணி எடுத்து வச்சிருக்கேன், உள்ள வா" என்றாள் மதினி.

பொட்டலத்தை அவர் கையிலிருந்து நான் வாங்கினேன். பிரித்தேன். நடுக்கூடத்தில், கண்ணாடிக்கு முன்னால் நின்று, பந்து முழுவதையும் என் கொண்டையில் சுற்றினேன். தலை கொள்ளவில்லை. மிச்சத்தைத் தோளில் தொங்கவிட்டேன்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

"பொண்டாட்டிக்கு ஒங்க தம்பி வாங்கிட்டு வந்த முதப்பூ மதினி. தலையில வைக்காம வேற எங்கன வைக்க?"

அவர் தரையைப் பார்த்தார். அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். மாமியார் எழுந்து முற்றத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அந்தச் சாரலில் முதல் தடவையாக மகளைப் பார்த்துப் பேசினார்.

"பூவைத் தலையில வச்சாச்சு. இனி எடுக்கப் பிடாது. விடுட்டி."

பிள்ளை பசியில் அழுதான். அத்தனை பேர் கண் முன்னால் அவனை எடுத்து முந்தானையால் மூடிப் பால் கொடுத்தேன். குடித்து முடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். பிடுங்க யாரும் வரவில்லை. எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கும் கக்கத்தான் செய்தான். முன்போல் முழுவதும் இல்லை, ஒரு வாய். தோளில் தொங்கிய பூவெல்லாம் பாலாயிற்று. "பாத்தியா" என்றாள் மதினி.

நான் பார்க்கவில்லை. அவன் வாயைத் துடைத்து, அடுத்த தோளில் மாற்றிப் போட்டேன். கக்கினால் கக்கட்டும். இன்னொரு தடவை கொடுக்க என்னிடம் பால் இருந்தது.