மாமாவின் டிரக் நான்கு இஞ்சி உயர்ந்தது

என் மாமா ஒரு டிரக்கை வாங்க எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பின்னேரம். அதே டிரக்கை எத்தனை இஞ்சி, அதாவது எத்தனை அங்குலம், உயர்த்துவது, என்ன டயர் போடுவது என்று தீர்மானிக்க எட்டுச் சனிக்கிழமை எடுத்தார். எட்டாவது சனிக்கிழமையும் தீர்மானித்தது அவர் இல்லை, நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா அம்மாவின் தம்பி. மோர்னிங்சைட் பகுதியில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்டில் இருந்தார். வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கிற வேலை. முப்பத்துமூன்று வயதாகியும் கலியாணம் ஆகவில்லை என்பது எங்கள் வீட்டில் தினமும் பேசப்படுகிற விசயம். அம்மா கிழமைக்கு ஒரு சாதகத்தோடு படியிறங்கிப் போவார், முகம் சுருங்கித் திரும்பி வருவார். முன்பெல்லாம் குளிர் முடியட்டும், வெயில் முடியட்டும் என்று தப்பிக்கொண்டிருந்த மாமாவுக்கு டிரக் வந்ததும் நல்லதொரு சாட்டுக் கிடைத்துவிட்டது.

"முதல்ல டிரக் வேலை முடியட்டும் அக்கா. பிறகு பாப்பம்."

டிரக் வேலை என்றால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. அது பழைய கறுப்பு பிக்கப். சக்கரச் சில்லுகளுக்கு மேலே புதிய பாகங்கள் பூட்டி அதன் உடம்பை உயர்த்தவேண்டும், பிறகு அதற்கேற்ற பெரிய டயர்கள் போடவேண்டும். அவ்வளவுதான். அஜின்கோர்ட்டில் இதற்கென்றே ஒரு கராஜ் இருந்தது. அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் மாமாதான் என்னைத் தமிழ் வகுப்பில் இருந்து கூட்டிவருவார். வகுப்பு முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குப் போவதில்லை, நேரே அந்தக் கராஜுக்குத்தான் போவோம்.

கராஜில் வாடிக்கையாளருக்கு எல்லாம் விளக்கிச் சொல்பவர் ஒரு அக்கா. தலைமயிரை உச்சியில் முடிந்து, கைமுட்டி வரை கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு நிற்பார். மாமாவை முதல் நாள் கண்டதும் "வாங்கோ அண்ணை, என்ன செய்யவேணும்?" என்றார். மாமாவின் முகம் ஏன் தொங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. மரியாதையாகத்தானே கேட்டார்!

இரண்டு இஞ்சி, நான்கு இஞ்சி, ஆறு இஞ்சி என்று உயர்த்தலாம். டயர் முப்பத்துமூன்று இஞ்சியா, முப்பத்தைந்தா என்பது அடுத்த கேள்வி. உயர்த்தாமல் பெரிய டயர் போட்டால் வளைக்கும்போது டயர் போய் உடம்பில் உரசும். டயர் பெருத்தால் வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அதையும் திருத்தவேண்டும். அக்கா இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் கீறிக் கீறிச் சொன்னார். மாமா தாளைப் பார்க்கவில்லை. ஆகவே தமிழ் வகுப்புக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் நான் எழுதிக்கொண்டேன்.

மாமாவுக்கு ஆறு இஞ்சியில்தான் ஆசை. அக்கா டிரக்கின் பின்பெட்டியில் கையை வைத்து, "இதில என்ன ஏத்துறனீங்கள்?" என்று கேட்டார். தரை ஓடும் சீமெந்தும் என்றார் மாமா. "அப்ப ஆறு இஞ்சி போட்டால் டிரக்குக்கு ஒண்டும் ஆகாது. உங்கட நாரிதான் முறியும்" என்றார் அக்கா. மாமா அதைக் கேட்டு வரும் வழியெல்லாம் சிரித்தார். இடுப்பு முறியும் என்று சொன்னால் சிரிக்கிற ஒரே ஆள் என் மாமாதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை இரண்டு இஞ்சி போதும் என்றார். அதற்கடுத்த கிழமை நான்கு. பிறகு சேற்றில் ஓடுகிற டயர் வேண்டுமென்றார். எங்கே சேறு என்று அக்கா கேட்க, யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னார். யோசிப்பதற்கு ஒவ்வொரு தடவையும் சரியாக ஏழு நாள் எடுத்தது. புதிய சேர்ட்டும் இரண்டு வாங்கினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. என் வகுப்பில் ஒருத்தி உயரமான ஜீப்பில் வந்து இறங்குவாள், இறங்கும்போது எங்களைக் குனிந்து பார்ப்பாள். அவளை நான் ஒருநாள் மேலே இருந்து பார்க்கவேண்டும். அதோடு, டிரக் வேலை முடிந்தால் மாமா கலியாணம் செய்வார், அம்மாவும் நிம்மதியாக இருப்பார். எட்டாவது சனிக்கிழமை மாமா யாருடனோ போன் பேச வெளியே போன நேரம் பார்த்து நான் கவுன்டரில் கொப்பியை விரித்தேன்.

"நாலு இஞ்சி. முப்பத்துமூண்டு டயர். மாமா முடிவெடுத்திட்டார். சொல்ல வெக்கப்படுறார்."

அக்கா கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். "அவர்தான் சொன்னவரோ?"

"ஓம்" என்றேன். அது முழுப்பொய்.

மாமா திரும்பி வந்தபோது தாள் தயாராக இருந்தது. "முடிவெடுத்திட்டீங்களாம். நல்லது, இனி நீங்கள் கிழமைக்குக் கிழமை அலையத் தேவையில்லை" என்றார் அக்கா, தாளைப் பார்த்தபடியே. மாமா என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அன்று வீடு வரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். நன்றி சொல்ல மறந்துவிட்டார் என்று நான் மன்னித்துவிட்டேன்.

வேலை முடிந்து டிரக் வீட்டுக்கு வந்தது. அதன் அழகை என்ன சொல்ல! என்னைத் தூக்கித்தான் உள்ளே இருத்தவேண்டும். பக்கத்தில் போகிற கார்களின் கூரை தெரிந்தது. மாமாவுக்கோ அதில் ஒரு சந்தோசமும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்று செத்தவீட்டுக்கு வந்தவர்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அக்கா தந்த தாளை எடுத்து வாசித்தேன். நூறு கிலோமீட்டர் ஓடியபின் சில்லு நட்டுகளை இறுக்கிப் பார்க்க மறுபடி கொண்டுவரவேண்டும் என்று கடைசியில் போட்டிருந்தது. மாமா தாளை என் கையிலிருந்து பறித்து இரண்டு தரம் வாசித்தார்.

"ஏறு பிள்ளை" என்றார்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறி, அடுத்த நகரமான அஜக்ஸ் போனோம். அஜக்ஸில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. இறங்கின கையோடு திரும்பி மோர்னிங்சைட் வந்தோம். பிறகும் அஜக்ஸ் போனோம். மூன்றாவது தரமும் போய்வந்தபோது நூறு தாண்டிவிட்டது. கராஜ் பூட்டப் பத்து நிமிடம் இருக்கையில் உள்ளே நுழைந்தோம். அக்கா கிலோமீட்டரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. பிறகு தானே நீண்ட ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எதற்கும் அடுத்த சனியும் ஒருக்கால் காட்டுங்கோ என்றார். அடுத்த சனியும் அதையே சொன்னார். அதற்கடுத்த சனியும்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் முறையிட்டேன். அந்தக் கராஜில் வேலை சரியில்லை, நட்டு இறுக்கி முடிகிறதே இல்லை. அதோடு மரியாதையும் குறைந்துவிட்டது.

"முந்தி அண்ணை, அண்ணை எண்டு கூப்பிட்டவா. இப்ப மாமாவை ஒண்டுமே சொல்லிக் கூப்பிடுறேல்லை, அம்மா."

சட்டிக்குள் அம்மாவின் அகப்பை நின்றது. "எப்ப தொடக்கம்?" என்று கேட்டார். அஜக்ஸ் போய்வந்த நாள் தொடக்கம் என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "வாற சனி நானும் வாறன்" என்றார்.

எனக்கு அந்தச் சந்தோசம் சொல்லி முடியாது. ஒருநாள் பழசான தயிரைக்கூடக் கடைக்காரர் முன்னால் வைத்து நியாயம் கேட்கிறவர் என் அம்மா. அந்தச் சனி வேலைக்கு லீவு போட்டு, நல்ல சேலை ஒன்று கட்டி, முக்காலி வைத்து டிரக்கில் ஏறி வந்தார். மாமா பச்சை விளக்கு விழுந்த பிறகும் டிரக்கை எடுக்க மறந்தார். சண்டை பலமாக இருக்கும் என்று நான் கவுன்டர் ஓரமாக இடம்பிடித்து நின்றேன்.

அம்மா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை, அப்பா அம்மா எந்த ஊர்?"

பிறகு ஊரில் எந்தப் பக்கம், எந்தப் பள்ளிக்கூடம், தாயின் தமக்கையை யார் கலியாணம் முடித்தது என்று அரைமணி நேரம் போனது. நட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மாவைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு டயர்க் கடையில் இப்படித் தோற்றுப்போவார் என்று நான் நினைக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா என்னைத் தமிழ் வகுப்பில் இருந்து நேரே வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தான் மட்டும் கராஜுக்குப் போனார். "இண்டைக்கு நீ வீட்டில நில் பிள்ளை" என்றார். டிரக் திரும்பி மறையும்வரை ஜன்னலில் நின்றேன். விசயம் விளங்கிவிட்டது. நான் பொய் சொன்னதை அந்த அக்கா காட்டிக்கொடுத்துவிட்டார், இது அதற்கான தண்டனை. அழுதபடி போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நாலு இஞ்சி என்று மாமா சொல்லவே இல்லை, நான்தான் சொன்னேன், மாமா யோசித்து முடிக்க முந்தியே நான்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன்.

அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என்னை இழுத்து மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு போனை எடுத்துப் பெரியம்மாவுக்கும், அடுத்ததாகச் சின்னம்மாவுக்கும், ஒருத்தரையும் விடாமல் மற்ற எல்லோருக்கும் நான் செய்த குற்றத்தை முதலில் இருந்து கடைசிவரை சொன்னார். ஒவ்வொருவரும் என்னோடு பேசவேண்டும் என்று கேட்டார்கள். ஒருவர்கூட ஏசவில்லை. பொய் சொன்ன பிள்ளையை இத்தனை பேர் ஏன் வாழ்த்துகிறார்கள் என்று தெரியாமல், போனைக் காதில் வைத்தபடி, இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.